கைராசிக்காரியின் விதைநெல்

என் வீட்டுக்காரர் இறந்த அன்று நான் முதலில் அழவில்லை, கத்தினேன். "கூடத்துல புருஷன் பொணமா கெடக்குறாரு, இவ நெல்லுக்குச் சண்ட போடுறா" என்று வாசலில் நின்றவர்கள் அன்றைக்குப் பேசினார்கள். இன்றைக்கும் பேசுகிறார்கள். பேசட்டும். நாத்தனாரின் தலைமயிரைப் பிடிக்கப் போனதும் உண்மைதான். பிடிக்கவில்லை, கையை இறக்கிக்கொண்டேன். ஆனால் நான் ஏன் கத்தினேன் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் கடைமடை. காவிரித் தண்ணீர் எல்லா ஊருக்கும் போய்விட்டு, மிச்சம் மீதி இருந்தால் எங்களிடம் வரும். அது வராத வருஷம் கடல் வரும். ஆற்று வழியாக உப்புத்தண்ணீர் ஏறி, வாய்க்காலில் புகுந்து, வயலில் நின்று, காய்ந்த பிறகு வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். அந்த மண்ணில் கடையில் வாங்குகிற விதையைப் போட்டால் முளைக்கும், ஒரு சாண் வளரும், பிறகு நுனி கருகி அப்படியே உட்கார்ந்துவிடும். அதில் நின்று விளைகிற நெல் எங்களிடம் ஒன்றுதான் இருந்தது, குழியடிச்சான். தடித்த நெல், சிவப்பு அரிசி. என் வீட்டுக்காரர் தெற்கே கடலோரத்து ஊர் ஒன்றிலிருந்து துண்டில் முடிந்து கொண்டுவந்தது. அதை எங்கள் வயலில் பெருக்கி, உப்பு ஏறிய நிலம் வைத்திருந்த பெண்களுக்கு ஆளுக்கு ஒரு மரக்கால் என்று கொடுக்க ஆரம்பித்தேன். அப்படித்தான் எங்கள் சங்கம் பிறந்தது.

சங்கத்துக்கு நான் தலைவி. தலைவி என்றதும் மேடை, மாலை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். யாருக்காவது இடுப்பு வலி வந்தால் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு காரைக்கால் பெரியாஸ்பத்திரிக்கு ஓடுவது, முதியோர் பென்ஷன் நின்றுபோன கிழவியை ஆபீஸுக்குக் கூட்டிப்போய் வரிசையில் உட்காரவைப்பது, குடித்துவிட்டு அடிக்கிறவனை வாசலில் நின்று நாலு கேள்வி கேட்பது, எல்லாம் என் தலையில்தான். யாரும் இல்லாதவர்கள் செத்தால் குளிப்பாட்டியும் விட்டிருக்கிறேன். இதில் எனக்குச் சலிப்பு வந்ததே இல்லையா என்றால், வந்தது. "ஊருல இருக்குற எல்லா எழவும் எனக்குத்தானா?" என்று வீட்டில் வந்து சட்டியைப் போட்டு உடைப்பேன். அவர் சிரிப்பார். "நாளைக்கு யாரு கூப்பிட்டாலும் போவாத, பாப்போம்" என்பார். மறுநாள் போவேன்.

விதை கொடுப்பதில் மட்டும் நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். பையில் கட்டி அனுப்ப மாட்டேன், ஆள் விட்டும் அனுப்ப மாட்டேன். வாங்குகிறவள் நேரில் வந்து என் வீட்டு வாசலில் மடியை விரிக்க வேண்டும். நான் என் கையால் மரக்காலில் மொண்டு மடியில் கொட்டுவேன். நெல் அளக்கும்போது எங்கள் பக்கம் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்வதில்லை, லாபம் என்றுதான் சொல்வது. நானும் "லாபம்" என்று சொல்லித்தான் கொட்டுவேன். வாங்குகிறவள் போதும் என்று சொல்லக் கூடாது. அறுவடை முடிந்ததும் வாங்கியதற்கு இரட்டிப்பாகக் கொண்டுவந்து பொதுப்பானையில் கொட்ட வேண்டும், நான் உள்பட. கையிலிருந்து மடிக்கு வந்தால்தான் அதன்மேல் ஒரு பொறுப்பு இருக்கும் என்பது என் கணக்கு. ஆனால் அவர்கள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். "அக்கா கைராசி. அக்கா கையால வாங்குனா ஒரு மணி பொய்க்காது" என்றார்கள். வேறு விதை விதைக்கிறவள்கூட என் கையால் ஒரு பிடி வாங்கிப்போய் அதில் கலந்து தெளிப்பாள். நான் "ஆமாண்டி, என் கையில யூரியா வழியுது" என்று கிண்டல் பண்ணுவேன். ஆனாலும் அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்றால் பொய்.

அந்த ஆடி மாதம், சங்கத்தின் பொருளாளர் மகளுக்குப் பிரசவ வலி வந்தது. பொருளாளர் என்னைவிட இளையவள், என் தெருவிலேயே இருப்பவள், நிழல் மாதிரி கூடவே திரிகிறவள். மகளைத் தருமபுரத்தில் கொடுத்திருந்தாள். போன் வந்ததும் நான்தான் அவளோடு ஓடினேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிள்ளையைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்தபோது இவள் என்னை முன்னால் தள்ளினாள். "அக்கா, மொதல்ல நீங்க வாங்குங்க. ஒங்க கைராசிக்கு நல்லா இருப்பா" என்றாள். வாங்கினேன். பெண் குழந்தை, நல்ல கனம். அதன் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை, அதற்குள் என் போன் அடித்தது. பக்கத்து வயல்காரர். வீட்டுக்காரர் வரப்பில் விழுந்துவிட்டார், வண்டியில் ஏற்றிவிட்டோம், பெரியாஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவருகிறோம் என்றார்.

மாடியில் பிள்ளையைப் பொருளாளர் கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினேன். வண்டி வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, வழியிலேயே முடிந்துவிட்டது என்றார். காலில் சேறு அப்படியே இருந்தது. அந்தச் சேற்றைத் துடைக்கத் துணி தேடினேன் என்பதுதான் எனக்கு நினைவிருக்கிறது. எங்களுக்கு ஒரே மகன், சிங்கப்பூரில் வேலை. அவனுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியாது. கையெழுத்து, அது இது என்று ஆஸ்பத்திரியில் பொழுது போய்விட்டது.

அதற்குள் சுரக்குடியிலிருந்து நாத்தனார் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவருக்கு ஒரே தங்கை. அண்ணன் என்றால் உயிர். நாங்கள் உடலைக் கொண்டுபோய் இறக்குவதற்குள் அவளே கூடத்தைக் கழுவி, விளக்கைத் தேடி எடுத்து, எல்லாம் தயாராக வைத்திருந்தாள். அவரைக் கிடத்தினார்கள். தலைமாட்டில் மரக்கால் நிறைய நெல், அதன் பக்கத்தில் விளக்கு. கொல்லைப்புறத்தில் உரல் சத்தம் கேட்டது. வாய்க்கரிசிக்கு நெல் குத்திக்கொண்டிருந்தார்கள்.

நான் அந்த மரக்காலைப் பார்த்தேன். தடித்த நெல். ஒரு மணியை எடுத்து நகத்தால் உரித்தேன். சிவப்பு.

இப்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நெல் விளைகிற ஊரில் சாவு வீட்டுக்கு ஒரு மரக்கால் நெல் கிடைக்காதா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கிடைக்காது. மெஷின் வயலில் இறங்குகிறது, அறுக்கிறது, வரப்பில் நிற்கிற லாரியில் கொட்டுகிறது, நெல் அப்படியே போய்விடுகிறது. வீட்டுக்கு வருவது கடை அரிசி மூட்டைதான். எங்கள் தெரு முழுக்கத் தேடினாலும் உமியோடு நெல் இருந்தது என் வீட்டுப் பக்க அறையில் மட்டும். அதுவும் விதை. நொச்சியும் வேப்பிலையும் போட்டு, வாயைச் சாணியால் மெழுகி அடைத்த பானைகள். விதைக்கிற நாள்வரை நானே திறக்க மாட்டேன். நாத்தனார் முதல் பானையின் மெழுகை உடைத்துத் திறந்து, மரக்காலுக்கும் உரலுக்கும் எடுத்திருந்தாள்.

"யாரக் கேட்டுடி தொறந்த?" என்று கத்தினேன். "வெத நெல்லுடி அது! ஊரோட வெத! ஒனக்கு அறிவு இருக்கா?"

அவள் அழுதுகொண்டே எழுந்து நின்றாள். "எங்க அண்ணன் ஒழுது வெளஞ்ச நெல்லு அண்ணி. அதுக்கு அவன் வாயில விழுற யோக்கியத இல்லாம வேற எதுக்கு இருக்கு? கடையில வாங்குன அரிசியவா எங்க அண்ணன் வாயில போடச் சொல்றீங்க?"

அப்போதுதான் நான் கையை ஓங்கினேன். அவள் முகத்தைப் பார்த்ததும் இறக்கிக்கொண்டேன். அவள் சொன்னதில் தப்பு என்ன? நான் கத்தியதில்தான் தப்பு என்ன? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதன்பிறகுதான் அழுதேன். மகன் வந்து சேரும்வரை ஐஸ் பெட்டியில் அவர் கிடந்தார். தலைமாட்டில் அந்த நெல். மறுநாள் எல்லோரும் வாய்க்கரிசி போட்டார்கள். நானும் போட்டேன். சிவப்பரிசி அவர் உதட்டில் ஒட்டிக்கொண்டு நின்றது.

கருமாதி முடிந்தது. சாங்கியம் எல்லாம் பண்ணினார்கள். என்னைப் பொட்டு வைக்காதே என்று யாரும் சொல்லவில்லை, வை என்றும் யாரும் சொல்லவில்லை. மகன் "எங்கூட வந்துரும்மா" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டுவிட்டு விமானம் ஏறினான். நான் வரமாட்டேன் என்று அவனுக்கும் தெரியும். ஆவணி பிறந்திருந்தது. மழைக்கு முன்னால் நாற்று விட்டாக வேண்டும். குழியடிச்சான் விதையை ஒரு வருஷம் தள்ளிப்போட முடியாது. எங்கள் கடல்காற்றுக்குப் பானையில் இருந்தாலும் ஈரம் ஏறிவிடும், அடுத்த வருஷம் பாதி முளைக்காது. அந்தப் பட்டத்தில் விதைக்காவிட்டால் எங்கள் ஊரில் அந்த நெல் முடிந்தது. திரும்பத் துண்டில் முடிந்து கொண்டுவர அவரும் இல்லை. எனக்கு அந்த நேரத்தில் இருந்த ஒரே கவலை அதுதான். புருஷன் போய்விட்டார், நெல்லும் போய்விடக் கூடாது.

ஒரு வெள்ளிக்கிழமை விதை கொடுப்பதாகச் சொல்லி அனுப்பினேன். வாசல் தெளித்து, பாய் விரித்து, பானைகளை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். யாரும் வரவில்லை. வெயில் ஏறியது. தெருவில் போன ஒருத்தி "ஒடம்பு எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டுவிட்டு நிற்காமல் போனாள். மதியத்துக்கு மேல் பானைகளை நானே ஒவ்வொன்றாக உள்ளே தூக்கி வைத்தேன்.

சாயங்காலம் பொருளாளரைப் பிடித்து உலுக்கினேன். "என்னடி நடக்குது?"

அவள் தரையைப் பார்த்தாள். "சாவுக்குத் தொறந்த பானைன்னு பேசிக்கிறாங்கக்கா. மனசு சங்கடப்படுதாம்."

எனக்கு ஒரு பக்கம் ஆத்திரம், ஒரு பக்கம் நிம்மதி. இவ்வளவுதானே! நாத்தனாரால் வந்த வினை, சரிபண்ணிவிடலாம் என்று நினைத்தேன். திறந்த பானையைத் தனியாக ஒதுக்கி, அதை என் வயலுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். மற்ற பானைகளில் கை படவில்லை, மெழுகிய சாணி அப்படியே இருக்கிறது, வந்து பாருங்கள் என்றேன். அதோடு விட்டேனா? திறந்த பானை நெல்லில் ஒரு பிடி எடுத்து ஈரத்துணியில் கட்டி வைத்தேன். எல்லாம் முளைத்தது. வெள்ளை வெள்ளையாக முளைவிட்ட நெல்லை அந்தத் துணியோடு ஒரு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாக ஏறினேன். "பாருடி. செத்தது யாருன்னு நெல்லுக்குத் தெரியுமா? இது மொளைக்கலையா?" என்று கேட்டேன்.

எல்லோரும் பார்த்தார்கள். "ஆமாக்கா, நல்லா மொளைச்சிருக்கு" என்றார்கள். காபி கொடுத்தார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் நினைவாகவே இருக்கிறது என்று அழுதாள். வேதக்காரத் தெருவில் இரண்டு வீட்டுக்கு நான் விதை கொடுப்பது உண்டு. அங்கே இந்தச் சகுனமெல்லாம் இருக்காது என்று நம்பிக்கையோடு போனேன். அவர்களும் காபி கொடுத்தார்கள், அவருக்காக மாதா கோயிலில் பூசைக்குச் சொல்லியிருப்பதாகச் சொன்னார்கள். மறுநாள் நான் மறுபடி பாய் விரித்து உட்கார்ந்தேன். அவர்களும் வரவில்லை.

பொருளாளர் மட்டும் வந்தாள். மடியை விரிக்க வரவில்லை. என் முன்னால் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விசும்பினாள்.

"சொல்லித் தொலடி" என்றேன்.

"பானை இல்லக்கா."

"பின்ன?"

"கை."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. நான் என்ன கை, யார் கை என்று கேட்டிருப்பேன் போலிருக்கிறது. அவள் பேசிக்கொண்டே போனாள். "எல்லாருக்கும் ஒங்க மேல உசுருக்கா. ஒருத்தியும் ஒங்கள ஒரு வார்த்த தப்பாப் பேசல. ஆனா மொத வெத, வருஷத்துக்கான வெத, அத... வாங்குறதுக்கு பயப்படுறாங்க. வீட்டுல ஆம்பளைங்க வேற சத்தம் போடுறாங்க. ஒங்க நாத்தனாரக் கூப்பிட்டு அவங்க கையால அளக்கச் சொன்னா எல்லாரும் வந்துருவாங்க. நீங்க உள்ள இருந்தா போதும். வெளிய வரவேண்டாம். யாருக்கும் ஒண்ணும் சங்கடம் இல்ல பாருங்க."

பானை என்று சொன்னது மரியாதைக்கு. என் முகத்துக்கு நேரே சொல்லக் கூடாது என்று ஊரே கூடி எனக்குக் காட்டிய மரியாதை. நானோ முளைகட்டிய நெல்லைத் தட்டில் ஏந்திக்கொண்டு வாசல் வாசலாக ஏறியிருக்கிறேன். அவர்கள் நெல்லைப் பார்த்திருக்க மாட்டார்கள், தட்டைப் பிடித்திருந்த கையைத்தான் பார்த்திருப்பார்கள். அதை நினைத்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"ஒன் பேத்திய யாருடி மொதல்ல கையில வாங்குனது?" என்றேன்.

"அப்ப அண்ணன் இருந்தாங்கல்ல அக்கா" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அவள் பேத்தியை நான் வாங்கிய நேரத்தில் அவர் இருந்தாரா, வண்டியில் போய்விட்டிருந்தாரா என்பது யாருக்குத் தெரியும்? அதை நான் அவளிடம் சொல்லவில்லை. பிள்ளைக்கு ஆகாது.

முடியாது போங்கடி என்று சொல்லிவிட ஆசையாக இருந்தது. என் கையால் வாங்கினால் வாங்கு, இல்லையென்றால் உப்பில் எதையாவது விதைத்துக் கருகிப் போ. யார் நஷ்டம்? இப்படிக் கேட்டுக்கொண்டே பக்க அறையில் பானைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். நான் வீம்பு பிடித்தால் என் ரோஷம் தங்கும், நெல் தங்காது. அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். அவர் இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. எனக்கு அவர்மேல்கூடக் கோபம் வந்தது.

நாத்தனாருக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும், "நான் பானையத் தொறந்ததாலதானே அண்ணி இவ்வளவும்" என்றாள்.

"இல்லம்மா. ஒங்க அண்ணன் செத்ததால. வந்து அளந்துட்டுப் போ" என்றேன்.

வந்தாள். தலை நிறையப் பூ வைத்திருந்தாள். அப்படித்தான் வர வேண்டும் என்று அவளிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் பானைகளை வாசலுக்கு எடுத்து வைத்துவிட்டுப் பக்க அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். தாழ்ப்பாள் போடவில்லை. கொஞ்ச நேரத்தில் வாசல் நிறைந்துவிட்டது. செருப்புச் சத்தம், வளையல் சத்தம், ஒருத்தி இன்னொருத்தியை நகரச் சொல்கிற சத்தம். நாத்தனாருக்கு அளந்து பழக்கமில்லை. மரக்காலைத் தலைதட்டாமல் கொட்டினாள் போலிருக்கிறது, "அக்கா பாத்தா திட்டுவாங்க" என்று யாரோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். உள்ளே எனக்கும் சிரிப்பு வந்தது. அடுத்த கணமே வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். ஒவ்வொருத்திக்கும் அவள் "லாபம்" என்று சொல்லிக் கொட்டுகிற சத்தம் கேட்டது. நெல் மடியில் விழுகிற சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். சீலைத் துணி கனத்தில் கீழே இறங்குகிற இழுப்புகூட எனக்குக் கேட்டது. எல்லோரும் வாங்கினார்கள், ஒருத்திகூடப் பாக்கியில்லை. வேதக்காரத் தெருவும் வந்திருந்தது.

எல்லோரும் போன பிறகு நாத்தனார் கதவைத் திறந்தாள். திறந்த பானையில் மிச்சம் இருந்ததை, என் வயலுக்கானதை, என்ன செய்வது என்று கேட்டாள். "ஒங்க வயலுக்கு யாரு கையால வெதைக்கிறது அண்ணி? நான் வேணா இருந்து தெளிச்சிட்டுப் போவட்டுமா?"

அவள் நல்ல எண்ணத்தில்தான் கேட்டாள். "என் வயலுக்கு என் கை போதும், நீ கெளம்பு" என்றேன்.

நாற்றங்காலை நானே சேறடித்து, நானே விதைத்தேன். விடிகாலையில் யாரும் பார்க்காதபோது விதைக்கவில்லை. வெயில் ஏறின பிறகு, பால் ஊற்றப் போகிறவன், பள்ளிக்கூடப் பிள்ளைகள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லோரும் பார்க்க விதைத்தேன். ரோடு ஓரத்து வயல், ஒளித்து விதைக்கவும் முடியாது. மறுநாளிலிருந்து தினமும் போய்ப் பார்த்தேன். பயமாகத்தான் இருந்தது. வெளியே சொல்லவில்லை. ஊரே சொல்லும்போது ஒருவேளை உண்மையாகவே என் கையில் ஏதாவது இருக்குமோ என்று உள்ளுக்குள் ஒரு நடுக்கம். இத்தனை பேருக்குப் புத்தி சொன்ன எனக்கே அந்தப் பயம் வந்தது. முளை வந்தது. பச்சைக் கோடாக எழும்பியது. நான் வரப்பில் உட்கார்ந்து "வந்துட்டியா" என்று சத்தமாகவே கேட்டேன்.

அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது, நின்றும் கெடுக்கவில்லை. எல்லோர் வயலிலும் குழியடிச்சான் நின்றது. என் வயலிலும் நின்றது. பொங்கலுக்கு முன்னால் அறுத்தோம். குழியடிச்சான் வயலில் மட்டும் மெஷினை விடுவதில்லை, விதை கலந்துபோகும் என்று ஆள் வைத்துத்தான் அறுப்பது; விதைக்குப் போக மிச்சத்தைக் களத்திலேயே வியாபாரிக்கு அளந்துவிடுவோம். யார் வயலிலும் குறை இல்லை. என் வயல் நெல்லும் அவர்கள் வயல் நெல்லும் அருகருகே காய்ந்துகொண்டிருந்தால் எது யாருடையது என்று என்னாலேயே சொல்ல முடியாது.

தை முடிவதற்குள் இரட்டிப்பைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அதற்கும் நாத்தனார் வந்திருந்தாள், அளந்து வாங்கிப் பானையில் கொட்டினாள். நான் இந்த முறை உள்ளே போகவில்லை. விதை கொடுக்கத்தானே கை வேண்டும், வாங்கிவைக்கும்போது பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் என்ன என்று வாசல் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சகஜமாகப் பேசினார்கள். பழைய மாதிரியே ஆகிவிட்டது என்று நினைத்தேன். எல்லோரும் கொட்டி முடித்ததும் எழுந்து உள்ளே போய், என் வயல் விதையை, என் பங்கு இரட்டிப்பை, மூட்டையோடு இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தேன். பானை வாய்க்குப் பக்கத்தில் மூட்டையைச் சாய்த்தேன்.

பொருளாளர் மூட்டையின் மேல் கையை வைத்தாள்.

"அக்கா, இத மட்டும் தனியா வச்சிக்கலாமா? கலந்துட்டா எதுன்னு தெரியாது பாருங்க."

நான் நாத்தனாரைப் பார்த்தேன். அவள் மரக்காலில் ஒட்டியிருந்த பதரை ஊதிக்கொண்டிருந்தாள். மற்றவர்களைப் பார்த்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. கோபம் இல்லை, வெறுப்பு இல்லை, எல்லோர் முகத்திலும் ஒரே ஒரு வேண்டுதல்தான் இருந்தது: அக்கா, புரிந்துகொள்ளுங்கள், பெரிதுபண்ணாதீர்கள். கத்துவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். "சரிடி" என்றேன். மூட்டையை மறுபடி இடுப்பில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனேன்.

மறுநாள் காலையில் கொல்லையில் அடுப்பு மூட்டினேன். பெரிய அண்டாவில் தண்ணீர் ஊற்றி, அந்த விதைநெல் முழுவதையும் கொட்டினேன். அவித்த நெல் முளைக்காது. இத்தனை வருஷத்தில் அந்த நெல்லை நான் ஒருபோதும் அவித்ததில்லை, ஒரு பிடிகூடச் சமைத்ததில்லை. தென்னமட்டை நன்றாக எரிந்தது. உமி வெடித்து, அவிகிற வாசனை தெரு முழுக்கப் போனது. வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று பார்த்தார்கள். "அக்கா, வெத நெல்லு அது" என்றாள் ஒருத்தி, பதறிப்போய்.

"இல்லடி. இது அரிசி" என்றேன்.

காயவைத்து, மில்லில் கொடுத்து அரைத்து வாங்கிவந்து, கருவாட்டுக் குழம்பு வைத்து உட்கார்ந்தேன். சிவப்புச் சோறு, தட்டு நிறைய. அவர் சாப்பிடவே இல்லை இந்தச் சோற்றை. உயிரோடு இருந்தவரை ஒரு வாய்கூட. தண்ணீர் குடித்துவிட்டுச் சாப்பிட்டேன். பாதித் தட்டில் பொருளாளர் ஓடிவந்தாள். வாசலில் நின்றபடியே மூச்சு வாங்கினாள். "அக்கா, பேத்திக்குக் காய்ச்சல் தூக்கித் தூக்கிப் போடுது. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவணும். எனக்கு ஒண்ணும் ஓடல. நீங்க வாங்கக்கா, நீங்க தூக்கிக்குங்க."

சாப்பிட்ட கையோடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கையைக் கழுவிக்கொண்டு போனேன்.